எண்ணிக்கைக்குள் அடங்காத விஞ்ஞானி

கட்டுரைகள் எத்தனை, மேற்கோள்கள் எத்தனை என்று விஞ்ஞானிகளை எடைபோடும் காலம் இது. அந்தத் தராசில் மரபியல் அறிஞர் இ.கே. ஜானகி அம்மாளை நிறுத்திப் பார்த்தால், குறை தட்டில் இருப்பவரிடமா தராசிலா என்ற கேள்வி எழுகிறது.

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகும் சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலாப் பயணிகள் மஞ்சு மூடிய மலையுச்சியைப் பார்க்கும் அவசரத்தில் கடந்துபோகும் ஊர், விதுரா. மலையடிவாரத்தில் இருக்கும் இந்த ஊரில்தான் 2008இல் தொடங்கப்பட்ட இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் (சுருக்கமாக ஐசர்) திருவனந்தபுரம் வளாகம் இருக்கிறது. காட்டையும் தேயிலைத் தோட்டத்தையும் பார்த்தபடி இளம் விஞ்ஞானிகள் மரபணுக்களை ஆராய்கிறார்கள்.

விதுராவாக இருந்தாலும் சரி, வாஷிங்டனாக இருந்தாலும் சரி, இன்றைய ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவரின் பெயருக்குப் பக்கத்திலும் மூன்று எண்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவர் வெளியிட்ட கட்டுரைகள் எத்தனை? அவற்றை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்? அவருடைய எச்-இண்டெக்ஸ் என்ன? வேலை, பதவி உயர்வு, ஆராய்ச்சி நிதி என்று பலவற்றையும் இந்த எண்கள் பாதிக்கின்றன. கணினியில் ஒரு பட்டனைத் தட்டினால் ஒருவரின் வாழ்நாள் உழைப்பு ஒரு வரியில் வந்து நிற்கிறது.

இதே திருவனந்தபுரத்தில், மகாராஜா விஞ்ஞானக் கல்லூரியில் 1932 முதல் 1934 வரை தாவரவியல் பேராசிரியராக இருந்தவர் இ.கே. ஜானகி அம்மாள். இந்தியாவின் முன்னோடி செல் மரபியலாளர்களில் ஒருவர். அவர் காலத்தில் இந்த எண்கள் இல்லை. இன்று அவற்றைக் கொண்டு அவரை அளக்க முற்பட்டால் என்ன ஆகும்? விடை, ஜானகி அம்மாளைப் பற்றிச் சொல்வதைவிட எண்களைப் பற்றியே அதிகம் சொல்கிறது.

தலச்சேரியிலிருந்து லண்டன் வரை

1897 நவம்பர் 4 அன்று, அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த தலச்சேரியில் பிறந்தார் ஜானகி. தந்தை நீதித்துறை அதிகாரி. தாவரங்களில் ஆர்வம் உள்ளவர். சென்னையில் ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்துவிட்டு, பெண்கள் கிறிஸ்துவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். ஆசியப் பெண்களுக்கான பார்பர் உதவித்தொகை அவரை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசென்றது. 1931இல் அங்கே டாக்டர் பட்டம். இந்தியப் பெண்கள் பள்ளிப் படிப்பை முடிப்பதே அபூர்வமாக இருந்த காலம் அது.

திருவனந்தபுரத்தில் இரண்டு ஆண்டுகள் பணியாற்றிய பிறகு அவர் போன இடம் கோவை கரும்பு இனப்பெருக்க நிலையம். 1912இல் தொடங்கப்பட்ட அந்த நிலையம் அப்போதே புகழ் பெற்றுவிட்டது. இனிப்பு மிகுந்த கரும்பையும், இனிப்பே இல்லாத ஆனால் எதையும் தாங்கும் காட்டு நாணலையும் கலந்து அங்கே உருவாக்கிய ரகங்கள் வட இந்திய வயல்களின் தலையெழுத்தையே மாற்றிக்கொண்டிருந்தன.

ஜானகி அம்மாளின் வேலை நுண்ணோக்கியின் அடியில். செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்களை எண்ணுவது. கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். ஆனால் மனிதனுக்கு 46 குரோமோசோம்கள் என்பதே 1956இல்தான் உறுதியானது. அதுவரை 48 என்றே பாடப் புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. கரும்பு இன்னும் சிக்கலான ஆசாமி. இனிப்புக் கரும்பின் மூல இனத்துக்கு 80. நாணலிலோ செடிக்குச் செடி மாறும்: 40 முதல் 128 வரை. எந்தச் செடியில் எத்தனை என்று தெரியாமல் கலப்பினம் செய்வது, கண்ணைக் கட்டிக்கொண்டு சமைப்பது போல.

இந்தியாவின் பல பகுதிகளைச் சேர்ந்த நாணல்களின் குரோமோசோம்களை எண்ணி 1936இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1938இல் பிரிட்டனின் ‘நேச்சர்’ இதழில் கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்தது பற்றிய குறிப்பு வந்தது. இரண்டும் வெவ்வேறு பேரினங்கள். அதன் விரிவான தொடர்ச்சி 1941இல் ‘ஜர்னல் ஆஃப் ஜெனிடிக்ஸ்’ இதழில் வெளியாயிற்று.

ஆண்களே நிறைந்த நிலையத்தில், தீயர் சமூகத்தைச் சேர்ந்த மணமாகாத பெண்ணுக்கு வேலை சுலபமாக இருக்கவில்லை என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். 1939 ஆகஸ்டில் எடின்பரோவில் நடந்த சர்வதேச மரபியல் மாநாட்டுக்குப் போனார். உலகப் போர் மூண்டது. இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். லண்டனுக்கு அருகே மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில், அக்காலத்தின் பெரும்புகழ் பெற்ற குரோமோசோம் நிபுணர் சி.டி. டார்லிங்டனோடு வேலை. குண்டுமழைக்கு இடையே உருவானது ஒரு புத்தகம்: ‘பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ்’. 1945இல் வெளிவந்தது. ஆசிரியர்கள்: டார்லிங்டன், ஜானகி அம்மாள்.

ரசமான கதைப் புத்தகம் அல்ல அது. ஆயிரக்கணக்கான தாவரங்களின் பெயர், குரோமோசோம் எண்ணிக்கை, தோன்றிய இடம். பக்கம் பக்கமாக இதுதான். மளிகைக் கடைக்காரருக்கு வாய்ப்பாடு எப்படியோ, புதிய ரகங்களை உருவாக்குபவருக்கு இந்த அட்லஸ் அப்படி.

மரபியலில் பிறந்த மேற்கோள் கணக்கு

ஒரு கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று எண்ணும் வழக்கம் எங்கிருந்து வந்தது? அதற்கும் மரபியலுக்கும் நெருங்கிய உறவு உண்டு.

அமெரிக்க வழக்கறிஞர்களிடம் 1873 முதலே ஒரு பட்டியல் புழக்கத்தில் இருந்தது. ஒரு தீர்ப்பைப் பிற்காலத்தில் எந்தெந்தத் தீர்ப்புகள் ஆதாரமாகக் காட்டின என்று அது சொல்லும். இதே உத்தியை விஞ்ஞானத்துக்குக் கொண்டுவரலாம் என்று 1955இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார் யூஜின் கார்ஃபீல்ட். அதைப் பிடித்துக்கொண்டு ஊக்கம் கொடுத்தவர், 1958இல் நோபல் பரிசு பெற்ற மரபியல் விஞ்ஞானி ஜோஷுவா லெடர்பெர்க். அமெரிக்க அரசு அமைப்புகளின் நிதியில் 1963இல் சோதனை முயற்சியாக வெளிவந்த தொகுப்பின் பெயரே ‘மரபியல் மேற்கோள் அட்டவணை’. அதையொட்டி அறிவியல் துறைகள் அனைத்துக்குமான ‘சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்’ வந்தது. முதல் தொகுப்பில் 613 ஆய்விதழ்கள், சுமார் 14 லட்சம் மேற்கோள்கள்.

ஆட்களை எடைபோடுவதற்காக உருவான கருவி அல்ல இது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு கருத்து எங்கே தொடங்கி எங்கெல்லாம் பரவியது என்று தேடிப் பிடிக்க உதவும் வழிகாட்டி. நூலகத்துக்காகச் செய்த கருவி, மெல்ல மெல்ல நிர்வாக அலுவலகத்துக்கு இடம்பெயர்ந்தது. எந்த ஆய்விதழ் உயர்ந்தது என்று சொல்லும் ‘இம்பாக்ட் ஃபாக்டர்’ பட்டியல்கள் 1970களில் வரத் தொடங்கின. 2005இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் எச்-இண்டெக்ஸைக் கண்டுபிடித்தார். ஒருவருடைய கட்டுரைகளில் 20 கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எச்-இண்டெக்ஸ் 20. எளிமையான கணக்கு. அதனாலேயே நிர்வாகிகளுக்குப் பிடித்துப்போயிற்று.

இந்தக் கணக்கில் மரபியலின் தந்தை கிரிகோர் மெண்டல் தேற மாட்டார். தாவரக் கலப்பு பற்றி அவர் அச்சிட்டவை இரண்டே கட்டுரைகள். பட்டாணி பற்றிய புகழ்பெற்ற கட்டுரை 1866இல் வந்தது. 1900 வரை அநேகமாக யாருமே அதைச் சட்டை செய்யவில்லை. இன்று உலகமே அவரை மேற்கோள் காட்டினாலும், அந்த இரண்டு கட்டுரைகளை வைத்து எச்-இண்டெக்ஸ் 2ஐத் தாண்ட முடியாது.

தொலைந்துபோகும் வழிகள்

ஜானகி அம்மாள் இந்தக் கணக்கிலிருந்து நழுவும் ஓட்டைகள் ஒன்றல்ல, நான்கு.

முதலாவது, ஆசிரியர் வரிசை. அச்சிட்ட மேற்கோள் அட்டவணைகளில் ஒரு நூல் முதல் ஆசிரியரின் பெயரின்கீழ் மட்டுமே பதிவாகும். 1945 அட்லஸை யார் மேற்கோள் காட்டினாலும் அது டார்லிங்டன் கணக்கில் போய்ச் சேரும். ஜானகி அம்மாளின் பெயரைத் தேடுபவருக்கு அந்தப் புத்தகம் கண்ணில் படாது.

இரண்டாவது, மறுபதிப்பு. 1950களின் நடுவில் அட்லஸின் இரண்டாம் பதிப்பு வந்தது. பயிர்த் தாவரங்கள் என்பது பூக்கும் தாவரங்கள் என்று விரிந்தது. ஆசிரியர்கள் டார்லிங்டன், வைலி. ஜானகி அம்மாள் அதற்குள் இந்தியா திரும்பியிருந்தார். புதிய பதிப்பு கைக்கு வந்ததும் பழையதை மேற்கோள் காட்டுவது இயல்பாகவே குறையும். அடித்தளம் போட்டவர் பெயர் ஒரு பதிப்பு மாறியதில் அட்டையிலிருந்து நீங்கிவிட்டது. யாரும் சதி செய்யவில்லை. ஆனால் கணக்கில் வரும் நஷ்டம் நஷ்டம்தான்.

மூன்றாவது, பெயர். தென்னிந்தியர்கள் அனைவருக்கும் பழக்கமான தலைவலி இது. நமக்கு முதலெழுத்து உண்டு. மேல்நாட்டார் கேட்கும் குடும்பப் பெயர் கிடையாது. இ.கே. என்பது எடவலத்து கக்காட் என்ற வீட்டுப் பெயர். ஜானகி என்பதுதான் பெயர். அம்மாள் என்பது மரியாதை. மேல்நாட்டு அட்டவணைக்காரருக்கு இது எப்படிப் புரியும்? ‘ஜானகி அம்மாள், இ.கே.’ என்று ஓரிடம். நடுவில் சிறு கோடு போட்டு ‘ஜானகி-அம்மாள்’ என்று ஓரிடம். மரியாதைச் சொல்லையே குடும்பப் பெயராக்கி ‘அம்மாள், இ.கே.ஜே.’ என்று இன்னோரிடம். இயந்திரத்துக்கு இவர்கள் மூன்று வேறு ஆட்கள். மொழிபெயர்ப்பில் ஒரு பெயர் சிதைந்தால் திருத்திக்கொள்ளலாம். அட்டவணையில் சிதைந்தால் உழைப்பே மூன்று துண்டாகிவிடுகிறது. ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவருக்கும் தனி எண் கொடுக்கும் ‘ஆர்கிட்’ ஏற்பாடு வந்தது 2012இல்தான். காலமானவர்களுக்கு அது உதவாது.

நான்காவது ஓட்டைதான் விசித்திரமானது. ஒரு கண்டுபிடிப்பு முழு வெற்றி பெற்றுவிட்டால் அதை யாரும் மேற்கோள் காட்ட மாட்டார்கள். கரும்பில் 80 குரோமோசோம்கள் என்று இன்று எழுதுபவர், முதலில் எண்ணியவர் யார் என்று குறிப்பிடுவதில்லை. அது எல்லாருக்கும் தெரிந்த உண்மையாகிவிட்டது. அமெரிக்க சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதற்குப் பெயரே வைத்தார்: பொது அறிவில் கலந்து பெயர் அழிந்துபோவது. மேற்கோள் அட்டவணையின் தந்தையான கார்ஃபீல்டும் இந்தக் குறையை ஒப்புக்கொண்டு எழுதினார். விதை முளைத்து மரமான பிறகு விதையை யார் தேடுகிறார்கள்?

கணக்கின் மறுபக்கம்

எண்கள் சிலரைக் குறைத்துக் காட்டுவது போலவே, சிலவற்றைப் பெருக்கியும் காட்டுகின்றன. உலகிலேயே அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் நூறின் பட்டியலை 2014இல் ‘நேச்சர்’ வெளியிட்டது. முதலிடத்தில் இருந்தது, புரதத்தை அளக்கும் ஒரு முறை பற்றி ஆலிவர் லௌரி 1951இல் எழுதிய கட்டுரை. மூன்று லட்சம் தடவைக்கு மேல் மேற்கோள். அந்தப் பட்டியலில் இடம்பெறாதவற்றில் ஒன்று டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவத்தைச் சொன்ன 1953ஆம் ஆண்டுக் கட்டுரை. மரபியலையே புரட்டிப்போட்ட கட்டுரைக்கு இடமில்லை. சோதனைச்சாலைக் கைமுறைக்கு முதலிடம்.

சென்னையில் மருத்துவம் படித்த எல்லப்ரகட சுப்பாராவின் கதையும் இதே ரகம். பாஸ்பரஸை அளக்கும் முறை பற்றி ஃபிஸ்கேயுடன் சேர்ந்து 1925இல் அவர் எழுதிய கட்டுரை, உயிர்வேதியியலில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்டவற்றில் ஒன்று. ஆனால் அவர் தலைமையில் நடந்த ஃபோலிக் அமிலம், ஆரியோமைசின் போன்ற உயிர் காக்கும் பணிகளுக்காக அவரை நினைவில் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்?

மேற்கோள் எண்ணிக்கை பொய் சொல்வதில்லை. எது அதிகமாகப் பயன்படுகிறது என்று சொல்கிறது. எது முக்கியம் என்ற கேள்விக்கு விடை சொல்ல அது கற்றுக்கொள்ளவில்லை.

இளைஞர்கள் தலைமேல் கத்தி

பழைய விஞ்ஞானிகளுக்கு இதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. பிரச்சினை இப்போது ஆராய்ச்சிக்கு வருபவர்களுக்கு. பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் கல்லூரி ஆசிரியர்களுக்குப் புள்ளிக் கணக்கைக் கொண்டுவந்தது. கட்டுரைக்கு இத்தனை புள்ளி, புத்தகத்துக்கு இத்தனை. டாக்டர் பட்டத்துக்கு முன்பே கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற விதியும் இருந்தது. விளைவு? காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி ஆய்விதழ்கள் முளைத்தன. அவற்றைத் தடுக்க, ஏற்கத்தக்க இதழ்களின் பட்டியலை 2018இல் மானியக் குழு அறிவித்தது. கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 நவம்பரில் நீக்கியது. 2025இல் அந்த இதழ்ப் பட்டியலையும் கைவிட்டது.

கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்தும் மத்திய அரசின் திட்டத்திலும் கட்டுரைகளுக்கும் மேற்கோள்களுக்கும் கணிசமான மதிப்பெண் உண்டு. முறைகேடுகள் பெருகவே, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைப்பதும் 2025இல் வந்தது. நண்பர்கள் ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டிக்கொள்வது, தன் கட்டுரையைத் தானே ஓயாமல் காட்டுவது, ஒரே ஆய்வை நான்கு துண்டாக்கி நான்கு கட்டுரையாக்குவது... தேர்வுக்கு மனப்பாடம் செய்து பழகிய நாட்டுக்கு இந்த வித்தைகள் புதிதல்ல. எதை வைத்து அளக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால், அதை மட்டும் வளர்க்கத்தான் எவருக்கும் தோன்றும்.

இதில் முதலில் அடிபடுவது பொறுமை கேட்கும் துறைகள். காட்டில் அலைந்து செடி சேகரிக்கும் வகைப்பாட்டியல், ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் பயிர் இனப்பெருக்கம், யாரும் திரும்பிப் பார்க்காத தாவரத்தின் குரோமோசோமை எண்ணுவது. புற்றுநோய் மரபணு பற்றி எழுதுபவருக்கு உலகமெங்கும் ஆயிரக்கணக்கான சகாக்கள். மேற்கோள்கள் வந்து குவியும். பொன்முடிச் சரிவில் மட்டும் வளரும் ஒரு செடியைப் பற்றி எழுதுபவரை மேற்கோள் காட்ட, உலகில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். இருவரின் எண்களையும் ஒரே பட்டியலில் வைத்து ஒப்பிடுவது, நெல்லையும் தேக்கையும் ஒரே போகத்தில் அறுவடை செய்யச் சொல்வது போல.

ஆய்விதழின் இம்பாக்ட் ஃபாக்டரை வைத்து ஆளை மதிப்பிடக் கூடாது என்ற கோரிக்கையோடு 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய விஞ்ஞானிகள் உருவாக்கிய பிரகடனத்தில் உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். எண்கள் நிபுணரின் தீர்ப்புக்குத் துணையாக இருக்கலாம், தீர்ப்பே ஆகக் கூடாது என்றது 2015இல் வந்த லைடன் அறிக்கை. எண்களை அடியோடு தூக்கி எறியவும் முடியாது. சாதி, சிபாரிசு, துறைத் தலைவரின் தயவு என்று வேலை கொடுத்து வந்த நாட்டில், பெயர் தெரியாத ஊரிலிருந்து வரும் ஏழை மாணவிக்கு ஒரு நல்ல கட்டுரையின் மேற்கோள்கள்தான் சில சமயம் ஒரே சிபாரிசுக் கடிதம். எண்ணைப் பார்க்கலாம். அதோடு கட்டுரையையும் படிக்க வேண்டும். அந்த இரண்டாவது வேலைக்கு நேரமில்லை என்பதுதான் வியாதி.

வேறு வகை மேற்கோள்கள்

ஜானகி அம்மாளின் பிற்கால வாழ்க்கை எந்தப் புள்ளிக் கணக்கிலும் வராதது. இங்கிலாந்தில் விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா மரங்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர், நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் நாடு திரும்பினார். இந்தியத் தாவரவியல் அளவாய்வு அமைப்பைச் சீரமைக்கும் பொறுப்பு அவரிடம் தரப்பட்டது. 1955இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், பூமியின் முகத்தை மனிதன் எப்படி மாற்றுகிறான் என்று விவாதித்த புகழ்பெற்ற கருத்தரங்கில் அழைக்கப்பட்ட ஒரே பெண் அவர். இந்தியாவின் பிழைப்புக்கான விவசாயம் பற்றி அங்கே பேசினார். 1970 முதல் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தோடு இணைந்து மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில் மூலிகைகளை வளர்த்தார். 1977இல் பத்மஸ்ரீ. எண்பது வயதைத் தாண்டிய பிறகும் சைலன்ட் வேலியில் அணை கட்டுவதை எதிர்த்துக் குரல் கொடுத்தார். 1984 பிப்ரவரி 7 அன்று மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் சைலன்ட் வேலி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

அவருடைய விரிவான வாழ்க்கை வரலாற்றை சாவித்ரி ப்ரீதா நாயர் எழுதி வெளியிட, மறைந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஆனால் வேறு சிலர் முன்பே தங்கள் பாணியில் அவரை மேற்கோள் காட்டிவிட்டார்கள். மக்னோலியா ரகம் ஒன்று ஜானகி அம்மாள் என்ற பெயரோடு இங்கிலாந்தில் பூக்கிறது. கொடைக்கானலில் ரோஜா வளர்க்கும் வீரராகவன், கிரிஜா தம்பதி தாங்கள் உருவாக்கிய ரோஜா ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தார்கள். 2019இல் மேற்குத் தொடர்ச்சி மலையில் புதிதாக இனம் காணப்பட்ட பல்லி ஒன்றுக்கு ‘திராவிடோகெக்கோ ஜானகியே’ என்று பெயரிட்டார்கள் இந்திய ஆராய்ச்சியாளர்கள்.

பல்லிக்கும் ரோஜாவுக்கும் எச்-இண்டெக்ஸில் இடமில்லை. விதுராவிலோ வேறெங்கோ ஓர் ஆராய்ச்சி மாணவி, யாருக்கும் அக்கறையில்லாத ஒரு செடியின் குரோமோசோம்களை இன்று எண்ணிக்கொண்டிருக்கலாம். அவருடைய விண்ணப்பத்தைக் கையில் எடுக்கும் தேர்வுக் குழு, எண்களைப் பார்த்த கையோடு அவர் எழுதிய நான்கு பக்கத்தையும் படித்துவிட்டால் போதும். ஜானகி அம்மாளுக்கு அதைவிடப் பெரிய விருது தர முடியாது.